சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டிய ஒயின் கடை: பொலோன்யாவின் ஒஸ்தேரியா தெல் சோலே

இத்தாலியின் பொலோன்யா நகரத்தில் உள்ளூர்க்காரர் ஒருவரோடு உட்கார்ந்து, ஒரு கிளாஸ் ஒயின் குடித்தபடி பேச ஆசைப்பட்டால் அதற்குத் தோதான இடம் ஒஸ்தேரியா தெல் சோலே. பியாத்ஸா மஜ்ஜோரே சதுக்கத்துக்குக் கிழக்கே, குவாத்ரிலாதெரோ என்கிற பழைய கடைவீதிக்குள், வீகொலோ ரனோக்கி என்னும் சந்தில் இருக்கிறது. பெரிய பெயர்ப் பலகையை எதிர்பார்த்துப் போனால் தாண்டிப் போய்விடுவீர்கள். வாசலில் கண்ணில் படுவது ‘வீனோ’ என்ற ஒற்றைச் சொல்தான். 1465 முதல் ஒயின் விற்கும் கடை என்பது அவர்கள் பெருமை. ஐந்தரை நூற்றாண்டு கழித்தும் விற்பது குடிப்பதற்கு மட்டுமே, சமையல் கிடையாது. பசித்தால் பக்கத்துத் தெருவில் வாங்கிவந்து மேசைமேல் பிரித்து வைத்துச் சாப்பிடலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், கடையின் வழக்கமே அதுதான்.

பயணிக்கு அந்த வழக்கம் பெரிய உதவி. இத்தாலியில் முன்பின் தெரியாதவரோடு பேச்சு தொடங்குவது நினைப்பதைவிடக் கடினம். உணவகத்தில் மேசை உங்களுடையது. தலைக்கு இரண்டு மூன்று யூரோ ‘கொபெர்தோ’ என்னும் இருக்கைக் கட்டணம் வைத்து உட்கார்ந்துவிட்டால் பரிமாறுபவரைத் தவிர யாரும் அருகே வரமாட்டார்கள். பாரில் காபி குடிப்பவர் நின்றபடியே இரண்டு மிடறில் முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். சதுக்கத்தில் ‘ஸ்பிரிட்ஸ்’ என்னும் ஒயின் கலவைப் பானக் கிளாஸோடு சாய்ந்திருப்பவர்கள் நண்பர்களோடு வந்தவர்கள். ஒஸ்தேரியா தெல் சோலேயில் இருப்பது நீண்ட மரமேசைகளும் பெஞ்சுகளும். காலியான இடத்தில் உட்கார வேண்டும், எதிரே யார் இருந்தாலும் சரி. எல்லார் முன்னாலும் ஒரு பொட்டலம் பிரிந்திருக்கும். அதை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பது அங்கே மூக்கை நுழைப்பது ஆகாது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் வாய் திறக்காத பொலோன்யாக்காரரைப் பார்ப்பது அரிது. ஆகவே அந்த மாலை எப்படி அமையும் என்பதில் பாதி, நீங்கள் என்ன வாங்கிக்கொண்டு, எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நேரத்தை முதலில் சொல்லிவிடலாம். காலை 11 மணி வாக்கில் திறந்து இரவு 9.30 வாக்கில் மூடுவார்கள், ஞாயிறு விடுமுறை. வார நாட்களில் 11.30 முதல் 1 மணி வரைதான் பேச்சுக்கு மிக நல்ல நேரம். சந்தைக்கு வந்தவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், சீட்டாடும் பெரியவர்கள் இருப்பார்கள். இருக்கை கிடைக்கும், எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழும். அடுத்து மாலை 5 மணி. 6.30-க்கு மேல் மாணவர் கூட்டம் வந்துவிடும். 1088-இல் தோன்றியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகம் உள்ள ஊர் இது. வெள்ளிக்கிழமை இரவு கிளாஸை ஏந்தியபடி சந்தில் நிற்பவர்களே உள்ளே இருப்பவர்களைவிட அதிகம். இளைஞர்களோடு ஆங்கிலத்தில் பேசினால் போதும் என்பவருக்கு அந்த நேரம் பரவாயில்லை. அரைகுறை இத்தாலிய மொழியோடு முதியவர் ஒருவரிடம் கதை கேட்க விரும்புகிறவருக்கு அந்தச் சத்தத்தில் ஒரு வார்த்தையும் பிடிபடாது. சனிக்கிழமை நண்பகல் நண்பர் குழுக்கள் பெரிய பெரிய பொட்டலங்களோடு வந்து மேசையை நிரப்பிவிடும். பார்க்க அழகு, நடுவில் நுழைவது சிரமம். இத்தாலியின் கோடை விடுமுறை நாளான ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி ஊரே ரிமினி பக்கம் கடற்கரைக்குப் போய்விடும், கடைவீதியும் பாதி மூடியிருக்கும். அந்த நாட்களில் பொலோன்யாவே வேண்டாம்.

கடைக்குப் போகுமுன் அரை மணி நேரத்தைக் கடைவீதிக்கு ஒதுக்குங்கள். வியா திராப்பெரியே, வியா பெஸ்கெரியே வெக்கியே, வியா காப்ராரியே ஆகிய மூன்று தெருக்களுக்குள் எல்லாம் கிடைத்துவிடும். இறைச்சிக்கும் பாலாடைக்கட்டிக்கும் வியா திராப்பெரியேயில் சிமோனி, வியா காப்ராரியேயில் 1932 முதல் நடக்கும் தம்புரீனி. ரொட்டிக்கு 19ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கும் பாவ்லோ அத்தி. கூட்டமுள்ள கடையில் வாசலருகே சீட்டு எண் எடுக்கும் இயந்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். எடுக்காமல் வரிசையில் நின்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். எடையை ‘எத்தோ’ கணக்கில் கேட்பார்கள். ஓர் எத்தோ என்றால் 100 கிராம். விலைச் சீட்டைப் படிக்கும்போதும் கவனம் தேவை. 2.50 என்று போட்டிருப்பது கிலோவுக்கு இல்லை, 100 கிராமுக்கு. மலிவென்று நினைத்து அரைக் கிலோ சொல்லிவிட்டால் கையில் மிச்சமும் பையில் ஓட்டையும்தான்.

இரண்டு பேருக்கு 200 கிராம் மொர்ததெல்லா இறைச்சி, பாலாடைக்கட்டியில் 150 கிராம் பார்மிஜானோ ரெஜ்ஜானோ, 150 கிராம் ஸ்குவாக்கெரோனே, கூடவே 300 கிராம் ரொட்டி போதும். இது இருவர் சாப்பிடுவதைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். அந்தக் கூடுதல் எதிரில் இருப்பவருக்கு. எல்லாம் சேர்த்து 15 முதல் 20 யூரோவுக்குள் அடங்கும்.

வாங்கும் வரிசையும் முக்கியம். முதலில் ரொட்டி, பிறகு பாலாடைக்கட்டி, கடைசியில் மொர்ததெல்லா. பன்றி இறைச்சியை நைய அரைத்து, கழுத்துப் பகுதிக் கொழுப்பைச் சிறு சதுரங்களாக வெட்டிக் கலந்து, உலர்ந்த வெப்பத்தில் மெல்ல வேகவைத்த தடித்த உருளை அது. 1661-இல் கர்தினால் ஃபர்னேசே அதன் தயாரிப்பை ஒழுங்குபடுத்தி ஆணை போட்டார். 1998 முதல் ஐரோப்பியப் புவிசார் குறியீடும் உண்டு. இயந்திரத்தில் சீவும்போது காகிதம்போல் மெல்லிய இளஞ்சிவப்புத் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும், வெள்ளைக் கொழுப்புச் சதுரங்கள் வெளிச்சத்தில் கண்ணாடிபோல் தெரியும். அப்போது எழும் மிளகு வாசனைதான் அதன் உயிர். அரை மணி நேரம் பையில் கிடந்தால் ஓரம் காய்ந்து, நிறம் மங்கி, கொழுப்பு இளகித் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும்; பிரித்தெடுக்கப் போனால் கிழியும். உடனே சாப்பிடுவதென்றால் மெல்லிய சீவல் நல்லது. பேசிக்கொண்டே ஒன்றிரண்டு மணி நேரம் உட்காரப் போகிறீர்கள் என்றால் ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டித் தரச் சொல்லுங்கள். ‘அ குபெத்தி’ என்றால் புரிந்துகொள்வார்கள். துண்டாக இருந்தால் சாறு உள்ளேயே இருக்கும். குச்சியால் குத்தி எடுக்கலாம், பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டவும் வசதி.

பார்மிஜானோவில் 24 மாதம் முதிர்ந்தது ஒயினுக்குப் பொருத்தம். 36 மாதத்துக்கு மேல் போனால் உப்பும் காரலும் ஏறி, இளம் ஒயினை அமுக்கிவிடும். அதைச் சிறு சில்லுகளாக உடைத்துத் தரச் சொல்ல வேண்டும். காற்று நீக்கி மூடிய பொட்டலம் ஊருக்கு எடுத்துப் போகத்தான் உதவும், மேசையில் அதைத் திறக்கக் கத்தி தேவைப்படும். ஸ்குவாக்கெரோனே தயிர்போல் தளர்ந்த, லேசாகப் புளிக்கும் பாலாடைக்கட்டி, தண்ணீர் விடும். டப்பாவில் வாங்கி, நிமிர்த்தியே பிடித்துக்கொள்ளுங்கள். கரண்டி, காகிதத் தட்டு, கைத்துடைப்புத் தாள் ஆகியவற்றையும் நீங்களே கொண்டுபோவது நல்லது. முழு பீட்சாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், இருவர் இடத்தை அது ஒன்றே அடைத்துவிடும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தக் கடைவீதியில் ஒன்றுக்கு இரண்டு தடவை விசாரிக்க வேண்டும். ஆபத்து இறைச்சிக் கடையில் இல்லை, ரொட்டிக் கடையில்தான். ‘கிரெஷெந்தா’ என்னும் பொலோன்யா ரொட்டியின் மாவிலேயே உப்புப் போட்ட பன்றித் துணுக்குகள் கலந்திருக்கும். ‘ஸ்த்ரேகே’ என்னும் மொறுமொறு தகடுகளையும் ‘பியதீனா’ என்னும் தட்டை ரொட்டியையும் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு விட்டுத்தான் பிசைவார்கள். தக்காளியும் வெங்காயமும் மணிக்கணக்கில் வதக்கிய ‘ஃப்ரிஜ்ஜோனே’ பார்க்க நம் தொக்குபோல் இருக்கும். பழைய முறையில் அதற்கும் பன்றிக் கொழுப்பே. கேட்க வேண்டிய கேள்வி, ‘செ ஸ்த்ருத்தோ?’ (பன்றிக் கொழுப்பு இருக்கிறதா?). பார்மிஜானோவும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால் உறைந்ததுதான், விதிப்படி வேறு வழியில்லை. இவை எதையும் தொடாதவர்கள் சாதாரண ரொட்டி, ஒலிவக் காய், வினிகரில் ஊறிய ‘ஜார்தினியேரா’ காய்கறி, எண்ணெயில் போட்ட ஆர்த்திச்சோக்கு, பழங்கள் என்று வாங்கிக்கொள்ளலாம். ஜூன் மாதமென்றால் வின்யோலாவின் செர்ரிப் பழம் ஒரு பொட்டலம் கட்டாயம். மேசையில் வைத்தால் முதலில் கை நீள்வது அதற்குத்தான்.

இனி கடைக்குள். குடிக்காதவர்கள் தயவுசெய்து வெளியே இருக்கவும் என்பது இங்கே பழைய அறிவிப்பு. உட்காருகிற ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்று வாங்க வேண்டும் என்று அதை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டைக் கொண்டுவந்து உட்கார்ந்துவிட்டு ஒன்றும் வாங்காமல் இருப்பதுதான் இந்த இடத்தில் பெரிய மரியாதைக் குறைவு. முதலில் கவுண்டருக்குப் போய் வணக்கம் சொல்லி, கேட்டு, காசு கொடுத்து, கிளாஸை வாங்கிக்கொண்டு பிறகு மேசைக்கு வர வேண்டும். கிளாஸ் மூன்று நான்கு யூரோவில் தொடங்கும். சில்லறை வைத்திருப்பது நல்லது.

எதைக் கேட்பது? பின்யொலெத்தோவில் தொடங்குங்கள். பொலோன்யாவைச் சுற்றிய மேட்டு நிலத்தில் விளையும் வெள்ளைத் திராட்சையின் ஒயின் அது, லேசாக நுரைக்கும். மொர்ததெல்லாவின் கொழுப்பு நாக்கில் படிந்திருக்கும்போது அந்தப் புளிப்பும் குமிழியும்தான் வாயைக் கழுவி அடுத்த துண்டுக்கு இடம் கொடுக்கும். சிவப்பு வேண்டுமானால் லம்ப்ருஸ்கோ. அதில் சொர்பாரா வகை வெளிர் நிறம், கூர்மையான புளிப்பு. கிராஸ்பரோஸ்ஸா கருஞ்சிவப்பு, துவர்ப்பு. ‘செக்கோ’ என்று சேர்த்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் இனிப்பானது வந்துவிடலாம். ரொமான்யா பகுதியின் சாஞ்சொவேசே பார்மிஜானோவோடு சேரும், மொர்ததெல்லாவோடு அவ்வளவு சேராது. மூன்று பேர் ஒரே ஒயினைக் குடிப்பதென்றால் புட்டியாக வாங்குவது லாபம். 750 மில்லியில் ஆறு கிளாஸ் வரும். ஒயின் பட்டியலைப் பெரிதாக எதிர்பார்த்து வருகிறவருக்கு இந்தக் கடை பொருந்தாது. அரிய புட்டிகளைத் தேடி வருகிற இடம் இல்லை இது, அன்றாடம் குடிக்கும் ஒயினுக்கான இடம்.

உட்காருமுன் ‘எ லீபெரோ?’ (இடம் காலியா?) என்று கேட்டு, தலையாட்டியதும் உட்காருங்கள். மதிய உணவு நேரம் தாண்டிவிட்டால் ‘புவோன்ஜொர்னோ’ (பகல் வணக்கம்) இல்லை, ‘புவோனசேரா’ (மாலை வணக்கம்). பெரியவர்களிடம் ‘தூ’ வேண்டாம், ‘லேயி’ போட்டே பேசுங்கள். நாம் ‘நீங்கள்’ என்பதில் காட்டும் அதே அக்கறை அவர்களுக்கும் உண்டு. உட்கார்ந்தவுடன் பேச்சுக் கொடுப்பதும் சரியில்லை. பொட்டலத்தைப் பிரித்து, ஒரு வாய் சாப்பிட்டு, ஒரு மிடறு குடித்த பிறகு தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி ‘நே வுவோலே?’ (கொஞ்சம் வேண்டுமா?) என்று கேளுங்கள். முதல் தடவை அநேகமாக வேண்டாம் என்பார். அது மரியாதைக்கு. இன்னொரு தடவை கேட்கலாம், மூன்றாவது தடவை கூடாது. நம் வீட்டு விருந்துபோல் வற்புறுத்தி வைப்பது அங்கே சங்கடத்தில்தான் முடியும். அவர் எடுத்துக்கொண்டால் அவர் பொட்டலமும் உங்கள் பக்கம் நகரும். கிளாஸைத் தட்டும்போது கண்ணைப் பார்த்து ‘சலூத்தே’ சொல்லுங்கள். தண்ணீர்க் கிளாஸால் தட்டுவதை அபசகுனமாக நினைப்பவர்கள் உண்டு.

பேசுவதற்கு விஷயம் தேட வேண்டியதில்லை. ‘ஸ்பகெத்தி பொலொனேசே’யை மட்டும் இந்த ஊர் உணவென்று சொல்லிவிடாதீர்கள். ராகு என்னும் இறைச்சிக் குழம்பை அவர்கள் தல்யாத்தெல்லே என்னும் பட்டையான பாஸ்தாவோடுதான் சாப்பிடுவார்கள். அதன் செய்முறையை 1982-இல் நகரின் வணிகச் சபையில் பதிவு செய்து, 2023-இல் திருத்தியும் வைத்திருக்கிறார்கள். வெந்த தல்யாத்தெல்லாவின் அகலம் 8 மில்லிமீட்டர் என்பதற்குத் தங்கத்தில் செய்த மாதிரி ஒன்றே அந்தச் சபையில் இருக்கிறது. பதிவு செய்த முறை சரியா, உங்கள் அம்மா பால் ஊற்றுவாரா என்று எதிரில் இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். பக்கத்து மேசையும் சேர்ந்துகொள்ளும். விளையாட்டில் கால்பந்தைவிடக் கூடைப்பந்து சூடான விஷயம்: விர்துஸ் அணியா, ஃபொர்தித்தூதோ அணியா என்பதில் குடும்பங்களே பிரிந்து நிற்கும். கால்பந்தென்றால் 2025 மே மாதம் பொலோன்யா அணி கோப்பா இத்தாலியா வென்றதைக் கேளுங்கள். 1974-க்குப் பிறகு கிடைத்த முதல் பெரிய கோப்பை அது. மோட்டார் பைக் பிரியர்களுக்கு துக்காத்தி இருக்கிறது, ஆலை நகரின் ஓரத்தில் போர்கோ பனிகாலேயில்தான். சாய்ந்து நிற்கும் கரிசெந்தா கோபுரத்தை 2023 அக்டோபரில் பாதுகாப்புக்காக அடைத்தார்கள். அது நிலைக்குமா என்ற கவலை ஊரில் எல்லாருக்கும் உண்டு, கருத்தும் எல்லாருக்கும் உண்டு.

1980 ஆகஸ்ட் 2 அன்று ரயில் நிலையத்தில் வெடித்த குண்டில் 85 பேர் இறந்தார்கள். நிலையத்தின் கடிகாரம் ஒன்று இன்றும் 10.25-இல் நிறுத்தப்பட்டிருக்கிறது. அதை நீங்களாக எடுக்காதீர்கள். அவர் எடுத்தால் கேட்டுக்கொண்டிருங்கள். சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஆயிற்றா, ஏன் குழந்தை இல்லை போன்ற கேள்விகளை நாம் அன்பாகத்தான் கேட்கிறோம். அங்கே அவை கதவைச் சாத்திவிடும்.

சீட்டாடுகிற மேசைக்கு முறை வேறு. பெரும்பாலான இத்தாலியர்களுக்குத் தெரிந்த ஆட்டம் பிரிஸ்கொலா: 40 சீட்டு, ஆளுக்கு மூன்று, காசு, கோப்பை, வாள், தடி என நான்கு இனம். ஏஸுக்கு 11, மூன்றுக்கு 10, ராஜாவுக்கு 4, குதிரை வீரனுக்கு 3, சேவகனுக்கு 2, மற்றவற்றுக்கு ஒன்றுமில்லை. மொத்தம் 120, 61 எடுத்தவர் வென்றார். ராஜாவைவிட ‘மூன்று’ பெரியது என்று புரிந்தால் பாதி ஆட்டம் புரிந்த மாதிரி, ராணியே இந்தச் சீட்டுக்கட்டில் கிடையாது. பொலோன்யாவுக்கே உரிய தரோக்கீனோ என்ற 62 சீட்டு ஆட்டமும் உண்டு; அதை வேடிக்கை பார்த்தே கற்றுக்கொள்ள முடியாது. பின்னால் நின்று பார்க்கலாம். ஆட்டம் நடக்கும்போது பேசுவது, முகத்தில் காட்டிக்கொடுப்பது, கேட்காமல் படம் எடுப்பது ஆகிய மூன்றும் கூடாது. ஆட்டம் முடிந்து சீட்டைக் கலைக்கும்போது கேள்வி கேட்டால் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுப்பார்கள்.

சரியாக அமையாமல் போவது பெரும்பாலும் எண்ணிக்கையால். தனியாகவோ இரண்டு பேராகவோ போனால் மேசையில் கலக்கலாம். நான்கு பேர் போனால் தமிழிலேயே பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்துவிடுவீர்கள், எதிரில் இருப்பவரும் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார். ஆறு பேர் என்றால் இரண்டிரண்டாகப் பிரிந்து உட்காருங்கள். அடுத்த காரணம் வேகம். நம் ஊர் டாஸ்மாக் பழக்கம்போல் மளமளவென்று ஊற்றிக்கொள்பவரைப் பார்த்தால் உள்ளூர்க்காரர்கள் விலகி உட்காருவார்கள். ஒரு கிளாஸை அரை மணி நேரம் வைத்துக் குடிக்கிறவர்கள் அவர்கள். போதை தலைக்கேறியவருக்கு அங்கே மதிப்பில்லை.

காசு விஷயம். பேச்சு கூடிவந்தால் அவர் எழுந்து உங்களுக்கும் ஒரு கிளாஸ் வாங்கி வருவார். பர்ஸை எடுத்து மல்லுக்கு நிற்காதீர்கள், வாங்கிக்கொண்டு நன்றி சொல்லுங்கள். அடுத்த சுற்று உங்களுடையது. அதைக் கேட்காமலே போய் வாங்கி வந்துவிட வேண்டும். ரோம் போன்ற இடங்களில் வழியில் சிரித்துப் பேசிய ஆள் ‘எனக்குத் தெரிந்த பார்’ என்று கூட்டிப்போய், கடைசியில் நூற்றுக்கணக்கான யூரோவுக்குப் பில் வருவது பழைய மோசடி. விலைப்பட்டியல் இல்லாத இடத்தில், அவர் தேர்ந்தெடுத்த இடத்தில் உட்காராமல் இருப்பதுதான் அதற்குக் காப்பு. ஒவ்வொரு கிளாஸுக்கும் அப்போதைக்கப்போது கவுண்டரில் கொடுத்துவிடும் இந்த முறையில் அப்படி ஒரு பில் சேரவே வழியில்லை. செயலி வழியாக அறிமுகமான யாரையாவது முதல் தடவை சந்திப்பதென்றாலும் பகல் நேரத்தில் இங்கே வரச் சொல்வது நல்லது, தனியாக வரும் பெண்களுக்குக் குறிப்பாக.

‘உள்ளூர்வாசியோடு அபெரிதீவோ’ (சாப்பாட்டுக்கு முந்தைய பானம்) என்று இணையத்தில் விற்கும் நடைச் சுற்றுலாக்கள் இதற்கு மாற்றாகுமா? இரண்டரை, மூன்று மணி நேரம், இரண்டு மூன்று கடைகள், தலைக்குப் பெரும்பாலும் 60 யூரோவிலிருந்து. ஊர் புரியாத முதல் மாலைக்கு அவை உதவும். சைவத்தை முன்கூட்டியே சொல்லி வைக்கலாம், மொழிச் சிக்கலும் இல்லை. பதிவு செய்யுமுன் குழுவில் எத்தனை பேர், விலையில் எத்தனை கிளாஸ் அடக்கம் என்ற இரண்டையும் பாருங்கள். எட்டுப் பேருக்கு மேல் என்றால் நீங்கள் பேசப்போவது சக பயணிகளோடுதான். வழிகாட்டி நல்லவராக இருப்பார், ஆனால் அது அவர் வேலை நேரம். ஒஸ்தேரியாவில் எதிரே உட்கார்ந்திருப்பவர் தன் சொந்த நேரத்தைக் கொடுக்கிறார். இந்த வேறுபாடு பேச்சின் முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரியும்.

மதுவே தொடாதவர்களை இந்தக் கடைக்கு இழுத்துக்கொண்டு போவது சரியில்லை. பியாத்ஸா சாந்தோ ஸ்தேஃபனோ பக்கமோ மெர்காதோ தெல்லே எர்பே சந்தைக்கோ போய் ‘அனால்கோலிக்கோ’ என்று கேட்டால் குரோதீனோ, சான்பித்தேர் போன்ற ஆல்கஹால் இல்லாத கசப்புப் பானங்கள் கிடைக்கும். கூடவே கொறிக்கவும் ஏதாவது வைப்பார்கள். உள்ளூர் வீட்டு மேசையிலேயே உட்கார ஆசைப்பட்டால் 2004-இல் பொலோன்யாவில் தொடங்கிய சேசரீனே என்னும் அமைப்பு வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்கிறது. செலவு கூடுதல், ஆனால் பேச்சுக்குப் பஞ்சமிருக்காது.

போவதற்கு ரயில்தான் சிறந்தது. ஃபிளாரன்சிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் 40 நிமிடம், மிலானிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். நிலையத்திலிருந்து வியா தெல்’ இந்திபெந்தென்ட்ஸா வழியாக மழை வந்தாலும் நனையாமல் தாழ்வாரத்துக்குள்ளேயே நடந்து கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். விமான நிலையத்திலிருந்து மார்கோனி எக்ஸ்பிரஸ் ஏழு எட்டு நிமிடத்தில் ரயில் நிலையம் சேர்க்கும். வாடகைக் காரை நகர மையத்துக்குள் கொண்டுவராதீர்கள். காலை 7 முதல் இரவு 8 வரை அனுமதி இல்லாத வண்டிகளைக் கேமரா பிடிக்கும். அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து, வாடகை நிறுவனத்தின் கட்டணத்தையும் சேர்த்துக்கொண்டு வரும். இத்தாலியில் ஓட்டுநருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு, உரிமம் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவருக்கு ஒரு சொட்டும் கூடாது.

எழுந்திருக்கும்போது உங்கள் காகிதம், எலும்பு, ரொட்டித் துணுக்கு எல்லாவற்றையும் நீங்களே சுருட்டி எடுங்கள், கிளாஸைக் கவுண்டரில் வைத்துவிட்டு வாருங்கள். மிச்சமிருக்கும் பார்மிஜானோவைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு வந்தால் வாங்கிக்கொள்வார்கள். மறுநாள் ஞாயிறென்றால் மட்டும் ‘நாளை பார்க்கலாம்’ என்று சொல்லிவிடாதீர்கள்.